வயிறு வலிக்கவே இல்லையே, டாக்டர்!

போன வாரம் மட்டும் மூன்று பேர். மூவருக்கும் இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தக்கசிவு. மூவருமே “எனக்கு அல்சர் எல்லாம் கிடையாது” என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வயது 68. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று இதய மருத்துவரிடம் போயிருக்கிறார். ஹீமோகுளோபின் 6 என்று தெரிந்ததும் அவர் என்னிடம் அனுப்பிவிட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி இருந்தது.

“மலம் என்ன நிறத்தில் போகிறது, ஐயா?”

இதைக் கேட்டாலே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். அவர் சுளிக்கவில்லை. “கறுப்பாத்தான் போகுது. பத்துப் பதினஞ்சு நாளா. தார் மாதிரி ஒட்டிக்குது, தண்ணி ஊத்தினாலும் லேசுல போக மாட்டேங்குது.”

“ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“வயிறு வலிக்கவே இல்லையே, டாக்டர்!”

முழங்கால் வலிக்கு எட்டு மாதமாகத் தினமும் ஒரு வலி மாத்திரை. யாரோ எப்போதோ ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கியது.

அல்சர் என்ற சொல்லை நாம் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஏப்பம் வந்தால் அல்சர், நெஞ்சு எரிந்தால் அல்சர், பசியில் வயிறு இரைந்தாலும் அல்சர். “படிக்கிற காலத்திலிருந்தே அல்சர்” என்று வருபவர்களில் பலருக்கு எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய்வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால், புண்ணே இருக்காது. நிஜமாகவே புண் உள்ளவர், அதிலும் வலி மாத்திரை போடும் முதியவர், ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பார்.

காரம், நேரம் தவறிய சாப்பாடு, டென்ஷன் என்று காரணங்களை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். காரம் இருக்கிற எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்காது. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இரண்டுதான். ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, மற்றொன்று வலி மாத்திரை. கிருமி என்று சொன்னபோது ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. இன்றைக்கும் என் எதிரே உட்கார்ந்து “காரத்தைக் குறைச்சுட்டேன், ஏன் சரியாகலை?” என்கிறார்கள்.

கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை இரண்டும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்தாமல் போனால், கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். மருந்து பொதுவாக 14 நாள். நாலாம் நாள் எரிச்சல் அடங்கியதும் நிறுத்தாதீர்கள், பிழைத்த கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது.

அடுத்தது எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றும் வாக்கியம்: “நான் சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடுறேன்.” வலி மாத்திரை உள்ளே விழுந்து, அந்த இடத்தில் ஓட்டை போடுகிறது என்று நினைக்கிறார்கள். சாப்பாடு மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளுமாம்! இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலத்திடமிருந்தே காப்பாற்றும் சளிப்படலத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். வலி மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகு அதன் உற்பத்தியையே குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். ஆசனவாயில் வைக்கும் மருந்தானாலும், மேலே பூச்சுப் பூசிய மாத்திரையானாலும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையலாம், புண் வரும் ஆபத்து போகாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஆஸ்பிரினும் சேர்த்தி. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ கூடவே போடுபவர்கள் அவசியம் கேளுங்கள்.

பால் குடித்தால் ஆறிவிடும் என்பதும் பழைய கதை. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அமிலம் இன்னும் சுரக்கும்.

இரைப்பையில் கசிந்த ரத்தம் குடல் வழியே வரும்போது கறுத்துவிடும். மலம் தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், உண்மைதான். எதனால் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ரத்த வாந்தியோ காப்பித்தூள் போன்ற வாந்தியோ வந்தாலும், கத்தியால் குத்தியது போல் திடீரென வலித்து வயிறு பலகையாக இறுகினாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். இறுகிய வயிற்றோடு இருப்பவருக்கு ஒரு மடக்குத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டி, கையோ தாடையோ வலித்தால் கேஸ் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம்.

எடை தானாகக் குறைகிறது, விழுங்கக் கஷ்டம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, காரணம் தெரியாத ரத்தசோகை, 60 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் என்றால் அந்த வாரமே வாருங்கள். அட்டை அட்டையாக கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால், புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள்கூட அடங்கிப்போய்க் கண்டுபிடிப்பது தள்ளிப்போகலாம். இரைப்பையில் புண் இருந்தவரை இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பிக்குக் கூப்பிடுவதும் இந்தப் பயத்தால்தான். தயவுசெய்து வந்துவிடுங்கள். “வலி போயிடுச்சே” என்று வராமல் போனவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த 68 வயதுக்காரருக்கு எண்டோஸ்கோப்பி வழியே ரத்தக்கசிவை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். போகும்போது, “அப்போ முழங்காலுக்கு என்ன போடுறது?” என்றார். நியாயமான கேள்வி. அளவு மீறாமல் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி என்று எழுதிக்கொடுத்தேன். அவர் மனைவி கைப்பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது எனக்குத் தலைவலிக்குங்க. இதுவும் அதேதானா?”

பத்தில் எட்டு மாத்திரை காலி. அதேதான்.