வடிகட்டியில் நிற்காத நஞ்சு

எட்வர்ட் ஜென்னர் 1798-ல் மாட்டம்மை பற்றி வெளியிட்ட நூலில் 'வைரஸ்' என்ற சொல் சர்வசாதாரணமாக வந்துபோகும். இன்று நாம் வைரஸ் என்று சொல்வது பற்றி யாருக்கும் எதுவும் தெரிய இன்னும் நூறு ஆண்டுகள் பாக்கி. ஜென்னர் எதையும் முன்கூட்டியே கண்டுவிடவில்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு, கொழகொழப்பான சாறு என்று பொருள். பாம்பு விஷத்துக்கும் அது பொருந்தும். அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத்தான் ஜென்னர் அப்படிக் குறிப்பிட்டார். ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு நோயைக் கொண்டுபோகும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நுண்ணோக்கியில் பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பித்தன. ஆனாலும் சொல்லின் பொருள் குறுகவில்லை. கோழிக் காலராவுக்குத் தடுப்பூசி தேடிய லூயி பாஸ்டர் 1880-ல் 'வீரியம் குறைத்த வைரஸ்' என்று எழுதினார். அந்த நோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா! அன்றைய வழக்கில் அதில் தப்பே கிடையாது. நோய் பரப்புவது எதுவானாலும் வைரஸ்தான்.

சொல்லின் பொருளைக் குறுக்கியது ஒரு வடிகட்டி. பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சேம்பர்லண்ட் 1884-ல் மெருகு பூசாத பீங்கானில் ஒரு குழாய் செய்தார். பழைய வீடுகளில் இரண்டடுக்கு எவர்சில்வர் ஃபில்டருக்குள் வெள்ளைக் கேண்டில் நிற்குமே, ஏறக்குறைய அதே வேலைதான். பீங்கானின் நுண்துளைகள் வழியே தண்ணீர் இறங்கும், பாக்டீரியா மாட்டிக்கொள்ளும். குடிநீர் சுத்தமாகும், சோதனைச்சாலைக்கும் கிருமியில்லாத திரவம் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் புகையிலைத் தோட்டங்களில் தேமல் நோய் பரவியிருந்தது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். நெதர்லாந்தில் ஆய்வு செய்த அடால்ஃப் மேயர், நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடிக்குள் செலுத்தினால் அதற்கும் தேமல் வருகிறது என்று 1886-ல் காட்டினார். பாக்டீரியாவாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. 1892-ல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி அதே சாற்றைச் சேம்பர்லண்ட் குழாயில் வடிகட்டிப் பார்த்தார். வடிந்த சாறும் நோயைக் கொடுத்தது. பாக்டீரியா சுரந்த நச்சு வடிந்திருக்கலாம் என்று யோசித்தார். நியாயமான யோசனைதான்.

ஆனால் நச்சு என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. அது தானாகப் பெருகாது; செடிக்குச் செடி மாற்ற மாற்ற நீர்த்துப்போக வேண்டும். டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்யரிங்க் 1898-ல் இதைச் சோதித்தார். வடிகட்டிய சாறு ஒரு செடிக்கு, அதன் சாறு அடுத்த செடிக்கு என்று மாற்றிக்கொண்டே போனாலும் வீரியம் குறையவில்லை. அப்படியானால் அது செடிக்குள் பெருகுகிறது, அதுவும் வளரும் திசுக்களில் மட்டும். வெறும் சாற்றில் வைத்திருந்தால் பெருகவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தார். கெட்டியான அகார் கூழின் மேல் நோய்ச்சாற்றை விட்டு, சில நாள் கழித்து மேற்பரப்பைக் கழுவிச் சீவி எறிந்துவிட்டு, அடியிலிருந்த கூழை எடுத்துச் செடிக்குள் செலுத்தினார். செடிக்குத் தேமல் வந்தது. பாக்டீரியாவாக இருந்தால் மேலேயே நின்றிருக்கும். இது கூழுக்குள் ஊறி இறங்கியிருக்கிறது. ஆகவே இது துகளே அல்ல, உயிருள்ள ஒரு திரவம் என்று முடிவுகட்டினார். அந்த முடிவு தவறு. ஆனால் பாக்டீரியா அல்லாத வேறொரு வகை என்று துணிந்து சொன்னது அவர்தான். அதைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட பழைய சொல் வைரஸ்.

அதே 1898-ல் ஜெர்மனியில் லோஃப்ளரும் ஃப்ரோஷும் மாடுகளின் கோமாரி நோய்க்கும் இப்படி வடிகட்டியைத் தாண்டும் ஒன்றே காரணம் என்று கண்டார்கள். அது மிகச் சிறிய துகளாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கட்சி. மனிதருக்கு வரும் நோய்களில் மஞ்சள் காய்ச்சல் 1901-ல் இந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்தது. அப்புறம் சில பத்தாண்டுகள் 'வடிகட்டியைக் கடக்கும் வைரஸ்' என்றே எழுதினார்கள். போகப் போக அடைமொழி உதிர்ந்து, வைரஸ் என்ற சொல் மட்டும் நின்றது.

அந்த வரையறையைக் கொஞ்சம் கவனியுங்கள். வடிகட்டியில் நிற்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, உயிரில்லாத ஊடகத்தில் வளராது. எல்லாமே 'இல்லை'. அது என்னதான் என்ற கேள்விக்கு 1935-ல்தான் பிடி கிடைத்தது. அமெரிக்காவில் வென்டல் ஸ்டான்லி, குவியல் குவியலாகப் புகையிலை இலைகளைப் பிழிந்து அந்த வைரஸைப் படிகமாக்கினார். படிகத்தைக் கரைத்துத் தடவினால் செடிக்கு மறுபடியும் நோய்! அது வெறும் புரதம் என்று அவர் நினைத்தது சரியல்ல. உள்ளே மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ.யும் இருப்பதைப் பாடன், பிரி என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1939-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் உருவமும் தெரிந்தது: 300 நானோமீட்டர் நீளக் குச்சி. மூவாயிரத்துச் சொச்சம் குச்சிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும்.

புரத உறைக்குள் மரபுச் செய்தி, வேறு பெரிதாக ஒன்றுமில்லை. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதனிடம் கிடையாது. புகுந்த செல்லின் ரைபோசோமைத்தான் வேலை வாங்கும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பலிக்காததற்குக் காரணமும் இதுவே. அந்த மருந்துகள் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவர், பாக்டீரியாவின் ரைபோசோம் போன்றவற்றை. வைரஸிடம் அவை இருந்தால்தானே!

1983-ல் கலிஃபோர்னியாவில் ஃபிரெட் கோஹன் என்ற மாணவர், பிற நிரல்களுக்குள் புகுந்து தன்னையே நகலெடுக்கும் ஒரு கணினி நிரலை எழுதிக் காட்டினார். அவருடைய பேராசிரியர் லென் ஏடில்மன் அதற்குச் சூட்டிய பெயர் வைரஸ். தனக்கென்று இயந்திரம் இல்லாமல் அடுத்தவர் இயந்திரத்தை வைத்துப் பெருகுவது என்ற அளவில், கச்சிதமான பெயர்.

வடிகட்டி வரையறை கடைசியில் காலைவாரவும் செய்தது. 1992-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரிலிருந்த அமீபாவுக்குள் ஏதோ ஒன்று கிடைத்தது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. பாக்டீரியாவை அடையாளம் காணப் பூசும் கிராம் சாயத்தையும் ஏற்றது. பாக்டீரியா என்று எண்ணி எடுத்துவைத்துவிட்டார்கள். 2003-ல்தான் அது வைரஸ் என்று உறுதியாகி, மிமிவைரஸ் என்ற பெயர் கிடைத்தது. பாக்டீரியாவைப் பிடிக்கும் வழக்கமான வடிகட்டியில் அதுவும் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதனிடம் ரைபோசோம் இல்லை. இரண்டாகப் பிளந்து பெருகுவதும் இல்லை. அமீபாவின் ரைபோசோமை வைத்துத்தான் பிழைக்கிறது. இந்தக் குணங்களைக் கொண்டு வைரஸை வரையறுக்க வேண்டும் என்று பிரான்சின் ஆந்த்ரே ல்வோஃப் 1957-லேயே சொல்லியிருந்தார்.