கத்தி கூராக இருந்தும் கேரட் ஏன் பிளக்கிறது?

"நேற்றுத்தான் தீட்டினேன். காகிதத்தைச் சர்ரென்று அறுக்கிறது. கேரட்டை வெட்டினால் மட்டும் பாதியில் பிளந்துவிடுகிறது." ஜப்பானியக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவருகிற பலர் என்னிடம் சொல்வது இதைத்தான். அவர்கள் தீட்டியதில் பிழை இல்லை. கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூராகத்தான் இருக்கும். வாய்க்குச் சற்று மேலே இரும்பு தடித்துப்போயிருக்கும்.

கத்தி என்பது ஓர் ஆப்பு. முதுகில் இரண்டு மில்லிமீட்டர் பருமன் இருந்தால், இறங்க இறங்க மெலிந்து வாயில் முடிகிறது. தீட்டும்போதெல்லாம் வாய் கொஞ்சம் தேய்கிறது. தேயத் தேய அது ஆப்பின் தடித்த பகுதிக்கு ஏறிவிடுகிறது. சில வருடங்களில் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்த க்யூட்டோ எனும் பொதுப் பயன்பாட்டுச் சமையல் கத்தியில், முன்பு வாய்க்கு மேலே தடிப்பாக இருந்த இரும்புதான் இப்போது காய்க்குள் நுழையப் பார்க்கிறது. தக்காளி வளைந்து வழிவிடும். கேரட் வளையாது, உடையும். நறுக்கும்போது 'டக்' என்று ஒலி கேட்டால் கத்தி வெட்டவில்லை, பிளக்கிறது என்று பொருள்.

அலகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, முதுகிலிருந்து கீழ்நோக்கி மெல்ல வழித்துப் பாருங்கள். வாய்க்கு முன்பே நிறுத்திவிடுங்கள். விரல்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வர வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் நெருக்கம் நின்றுவிட்டால், தீட்டுவதற்கு முன் பக்கவாட்டை இழைத்து மெலிதாக்க வேண்டும்.

இதற்கு 220 முதல் 400 எண் வரையிலான கரடான கல் வேண்டும். கல் தட்டையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழிந்த கல் அலகையும் கோணலாக்கிவிடும். வாயை ஒட்டிய பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் பட்டையாகப் பூசுங்கள். கத்தியைக் கல்லில் ஏறக்குறையப் படுக்கவைத்து, முதுகை மட்டும் சில மில்லிமீட்டர் உயர்த்தி, விரல்களை வாயிலிருந்து சற்று உள்ளே தள்ளி அழுத்தி இழையுங்கள். மை அழிகிற இடத்தில்தான் இரும்பு தேய்கிறது. கையை நம்புவதைவிட மையை நம்புங்கள். ஒரே கோணத்தில் இழைத்தால் பக்கம் தட்டையாகி, நறுக்கிய துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதுகைச் சற்றுத் தாழ்த்தியும் உயர்த்தியும் இழைத்து, மெல்லிய உருட்சியைக் காப்பாற்றுங்கள். இது பொறுமையான வேலை. தடித்துப்போன ஒரு கத்திக்கு எனக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பிறகு 1000 எண் கல். கடினமான எஃகின் இரு புறமும் மென்மையான இரும்பை வைத்து அடித்த கத்தியாக இருந்தால், இங்கே ஓர் அழகைக் காணலாம்: மேலே இரும்பு சாம்பல் நிறத்தில் மங்க, வாயை ஒட்டி எஃகு தனிக் கோடாகப் பளிச்சிடும். இதை ஜப்பானியர் கசுமி, அதாவது பனிமூட்டம் என்கிறார்கள். கடைசியாக அதே கல்லில் பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்த்து வாயைத் தீட்டி, எதிர்ப்பக்கம் எழும் பிசிறை நீக்கிவிடுங்கள்.

பலர் இந்த வேலைக்குத் தயங்குவது கீறல் விழுமே என்ற பயத்தால். விழத்தான் செய்யும். அடித்தபோது படிந்த கருந்தோலும், அடுக்கு எஃகில் தெரியும் டமாஸ்கஸ் கோலமும் இழைத்த இடத்தில் மங்கும். அந்தக் கீறலுக்கு நான் வருந்துவதில்லை. பளபளக்கும் பக்கத்தோடு கேரட்டைப் பிளக்கும் கத்தியைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

அவசரப்பட்டு மின் சாணையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்த, ஷிரோகாமி எனும் கார்பன் எஃகுக் கத்தி ஒன்று பின்னர் என்னிடம் வந்தது. வாயோரம் நீலம் பாரித்திருந்தது. அந்த நிறம் வந்துவிட்டால் சூட்டில் எஃகின் பதம், அதாவது கடினம், போய்விட்டது என்று அர்த்தம். நீலத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் போதாது. பதம் போன எஃகு முழுவதையும் கழித்தாக வேண்டும். நல்ல எஃகில் மூன்று மில்லிமீட்டர் வீணாயிற்று.

யானகிபா, தேபா போன்ற ஒருபக்கச் சரிவுக் கத்திகளுக்கு மேலே சொன்ன முறை பொருந்தாது. அவற்றின் சரிவு முழுவதையும் கல்லில் படியவைத்து இழைக்க வேண்டும். குழிவான பின்பக்கத்தை நுண்ணிய கல்லில் தட்டையாக வைத்து, பிசிறு போகும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்க்கலாம். அங்கே கோணம் கொடுத்துத் தீட்டினால் சரிசெய்வது மிகக் கடினம்.

கார்பன் எஃகு என்றால் இடையில் எழுந்து போகும்போதுகூட அலகைத் துடைத்து வைத்துவிட்டுப் போங்கள். புதிதாக இழைத்த பரப்பில் சில நிமிடங்களிலேயே துரு படரத் தொடங்கிவிடும்.