தொலைந்து போக முடியாத பாதை

பூங்காவில் லேபிரிந்த் என்னும் சுழல் நடைபாதை அமைக்கலாமா என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "உள்ளே போய் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால்?" என்பதுதான். மாட்டிக்கொள்ளவே முடியாது. கிளை கிளையாகப் பிரிந்து முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துவது மேஸ். லேபிரிந்த்தில் இருப்பது ஒரே பாதை. வாசலில் கால் வைத்தால் சுற்றோ சுற்றென்று சுற்றி நடுவில் கொண்டுபோய் விடும். திரும்புவதும் அதே வழியில்தான். உயரமான சுவர்கூட வேண்டாம், புல்தரையில் பதித்த செங்கல் வரிசை போதும்.

ஏழு சுற்று கொண்ட பழைய வடிவம்தான் கட்டுவதற்குச் சுலபம். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் தீப்பிடித்தபோது வெந்து இறுகிய களிமண் பலகை ஒன்றில், ஒரு பக்கம் ஆட்டுக் கணக்கும் மறுபக்கம் இதே வடிவமும் இருக்கின்றன. காலம் கி.மு. 1200 வாக்கு. கணக்கெழுதியவருக்கு அலுப்புத் தட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும், திறந்த பக்கம் வெளியே பார்க்கும்படி ஆளுக்கொரு 'ட'. ஒவ்வொரு 'ட'வின் வாயிலும் ஒரு புள்ளி. இதுதான் விதை. கூட்டல் குறியின் மேல்முனையை, அதற்கு வலப்பக்கம் அடுத்துள்ள 'ட'வின் மேல்முனையோடு சின்ன வளைவால் சேருங்கள். அப்புறம் இடப்பக்கம் மீதியுள்ள முதல் முனையை, வலப்பக்கம் மீதியுள்ள முதல் முனையோடு, முந்தைய வளைவுக்கு மேலாகக் கொண்டுபோய்ச் சேருங்கள். புள்ளிகளும் முனைகள்தான். இப்படி எட்டு வளைவு போட்டால் 16 முனைகளும் தீர்ந்துவிடும்.

அந்தப் புள்ளிகள் அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுவர் முடியும் இடம். அதைச் சுற்றித்தான் பாதை யூ-டர்ன் அடிக்கிறது. வெளிச்சுற்றை 1 என்று வைத்தால், நடக்கும் வரிசை 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு மையம். உள்ளே நுழைந்ததும் பாதை நம்மை வெளிப்பக்கமே தள்ளுகிறது. ஏழாம் சுற்றில் மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; "வந்துவிட்டோம்" என்று நினைக்கும்போது ஐந்தாம் சுற்றுக்கு இழுத்துப்போய், அங்கிருந்துதான் உள்ளே விடும். எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தும் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

சரி, தரைக்கு வருவோம். பாதையின் அகலம் 60 செ.மீ. என்றால், மொத்த அகலம் அதைப்போல 15 மடங்கு, அதாவது 9 மீட்டர். பாதையின் நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு: பரப்பைப் பாதையின் அகலத்தால் வகுத்தால் போதும். இங்கே ஏறக்குறைய 90 மீட்டர் வரும். பிரான்ஸின் சார்த்ர் தேவாலயத் தரையில் 13-ஆம் நூற்றாண்டில் பதித்த 11 சுற்று லேபிரிந்த், சுமார் 13 மீட்டர் அகலத்துக்குள் 260 மீட்டர் நடையை மடித்து வைத்திருக்கிறது. வயிற்றுக்குள் குடல் மடிந்திருப்பதைப் போலத்தான்.

நம்முடையதில் எல்லைக்கோடும் சேர்வதால், பதிக்க வேண்டிய கோடு பாதையைவிடச் சற்று நீளம், சுமார் 107 மீட்டர் வரும். 23 செ.மீ. செங்கலை நீளவாக்கில் வைத்தால் சுமார் 465. உடைசலுக்கும் சேர்த்து 490 வாங்கலாம். புல் வெட்டும் இயந்திரம் தட்டாமல் போக, தரைமட்டத்துக்கே பதிக்க வேண்டும். சக்கர நாற்காலி போக வேண்டுமானால் 60 செ.மீ. போதாது, 90 என்று வைத்தாலே மொத்த அகலம் 13.5 மீட்டர் ஆகிவிடும். இடத்தை அளந்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

பலரும் சறுக்குவது, வளைவு போடக் கயிறு கட்டும் முளையை அடிக்கும் இடத்தில். மேல் வளைவுகளின் மையம் கூட்டல் குறியின் நடுவில் இல்லை. அதன் மேல்முனையிலிருந்து அரைப் பாதை அகலம் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. முதல் வளைவு அங்கேதான் பிறந்தது, மற்றவை அதைச் சுற்றி வளர்ந்தவை. நைலான் கயிறும் வேண்டாம். இழுத்த இழுப்புக்கு நீளும், சுற்றுக்குச் சுற்று அகலம் மாறும். கம்பியோ அளவுநாடாவோ மேல்.

கோடுகளை முதலில் சுண்ணாம்புத் தூளில் போடுங்கள். ஒரே ஒரு முனையைத் தப்பாகச் சேர்த்தாலும் எங்காவது பாதை அடைபடும், அல்லது போன வழியே திரும்பவும் வரும். தாளில் தெரியாத இந்தப் பிழை நடந்தால் உடனே தெரியும். அதனால் செங்கலைத் தொடுவதற்கு முன் ஒரு குழந்தையை உள்ளே ஓடவிடுங்கள். நடுவில் போய் நின்று கையாட்டினால் குழி தோண்ட ஆரம்பிக்கலாம்.