மழைமானிக் கார்டைக் கணினியில் போடும் முன்

கல்லணைக்குக் கீழே கடைமடை வரை மழையளவு, நிலத்தடி நீர்மட்டம், தண்ணீரின் உப்புத்தன்மை என்று எதையாவது பதிவு செய்துகொண்டிருக்கும் டேட்டாலாகர்களைப் பார்க்கலாம். சிம் போட்டு நேராக அனுப்புபவை வந்துவிட்டன. ஆனாலும் மெமரி கார்டில் எழுதிவைக்கும் பழைய வகைக்கு இன்னும் வேலை இருக்கிறது. இவற்றைப் பராமரிப்பதுதான் என் தொழில். "டேட்டா போச்சு சார்" என்று யாராவது கூப்பிட்டால், பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். கார்டைக் கழற்றியதற்கும் எக்செல்லில் திறந்ததற்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கும்.

லாகர் ஓடும்போது கார்டைப் பிடுங்காதீர்கள். அது எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் இழுத்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குழம்பிப்போகும். பதிவை நிறுத்தும் பட்டனோ மெனுவோ இருக்கும், அதை அழுத்திவிட்டு எடுங்கள். அப்போதே லாகரின் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், சில கருவிகள் மறுபடி 1.1.2000-இல் இருந்து எண்ண ஆரம்பித்துவிடும். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கார்டின் உலோகப் பட்டைகள் பச்சை பூத்திருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சட்டை நுனி வேண்டாம்.

கணினியில் போடும் முன் கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை லாக் பக்கம் தள்ளிவிடுங்கள். அவசரத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டர் கணினியில் செருகுவது ஆபத்து. ஷார்ட்கட் வைரஸ் ஏறிய கார்டுகள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுத்துவிட்டுக் கார்டை எடுத்து வையுங்கள். அதற்குமேல் எதுவும் எழுதாமல் இருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அப்புறம் எக்செல். இதில்தான் சத்தமில்லாமல் கெடுகிறது. லாகர் எழுதும் சிஎஸ்வி கோப்பில் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) 05/11/2024 என்று இருப்பது நவம்பர் 5. விண்டோஸின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், இரட்டைக் கிளிக் செய்து திறந்த உடனே எக்செல் அதை மே 11 ஆக்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள் 10, 11, 12. அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பரின் முதல் பன்னிரண்டு நாள் மழையெல்லாம் ஜனவரி தொடங்கி ஒவ்வொரு மாதத்தின் 10, 11, 12 தேதிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். 13-ஆம் தேதியிலிருந்து வேறு கூத்து. பதிமூன்றாவது மாதம் கிடையாது என்பதால் தேதியை வெறும் எழுத்தாக விட்டுவிடும், கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மாதவாரிக் கூட்டலில் சேராது. கஜா கரையைக் கடந்த 16/11/2018-உம் இப்படித்தான் விடுபடும். திறந்த கோப்பை அப்படியே சேமித்தால் விநாடிகளும் போகலாம்.

ஆகவே முதலில் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, இடமும் தேதியும் பெயரில் வைத்து, இன்னொரு நகலை வேறு டிஸ்கில் போடுங்கள். அசலைத் திறக்கவே வேண்டாம். நகலை எக்செல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, தேதி வரிசை நாள்-மாதம்-ஆண்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

மழைக்கு இன்னொன்றும் உண்டு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. லாகர் நள்ளிரவுக் கணக்கிலோ, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யுடிசி நேரத்திலோ இருந்தால், பக்கத்து நிலையத்தோடு அளவு ஒத்துப்போகாது. கருவியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இரண்டு நகலும் திறக்கின்றன, கடைசி வரி கார்டை எடுத்த நேரத்தோடு பொருந்துகிறது என்று பார்த்த பிறகே தாழ்ப்பாளைத் திறந்து கார்டில் உள்ளதை அழித்துவிடுங்கள். கையில் இரண்டு கார்டு வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் பதிவும் நிற்காது. திரும்பச் செருகும்போது அந்தத் தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பூட்டிய கார்டில் லாகர் ஒரு வரி எழுதாது. பதிவு இடைவெளி பதினைந்து நிமிடம் என்றால், ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முதல் வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.