வெயிலை வாசலிலேயே நிறுத்தும் நாடாளுமன்றம்

பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வளர்ந்தவர்களுக்கு மதியம் ரெண்டு மணித் தகரக் கூரை எப்படிக் காயும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கோலாலம்பூர் நாடாளுமன்றத்துக்குப் போனால் அந்த நேரத்தில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். அன்னாசித் தோல் என்று எல்லாரும் கிண்டலாகச் சொல்லும் அந்தக் கட்டம் கட்டமான வெள்ளைப் போர்வை, 17 மாடிக்கும் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும்.

வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடும். வந்து மேசை, தரை, நாற்காலி எல்லாவற்றையும் சூடாக்கும். சூடான பொருள்கள் திருப்பி விடுவது வேறு வகைக் கதிர், நீண்ட அலை அகச்சிவப்பு. அதைக் கண்ணாடி வெளியே விடாது. அதனால்தான் உள்பக்கம் திரை போட்டால் பாதி வேலைதான் ஆகும், வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டதே! பழைய கடைக்காரர்கள் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிடுவதும் இதே கணக்குதான்: சூடாவது தட்டி, அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. உச்சி வெயில் தலைக்கு மேலே நிற்கும், அதை மறைக்கப் படுக்கைவாட்டில் ஒரு பலகை போதும். காலை மாலை வெயில் சரிந்து வரும், அதற்குப் பக்கத் தடுப்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கட்டம் தானாக வந்துவிடும்.

நாடாளுமன்றக் கட்டடத்தை வரைந்தவர் பொதுப்பணித் துறைக் கட்டடக் கலைஞர் ஐவர் ஷிப்லி. அந்தத் துறைக்கு அப்போது அமைச்சர் யார் தெரியுமா? நம்ம சுங்கை சிப்புட்காரர், மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன்தான். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். 1962 ஆகஸ்ட் 31இல் அடிக்கல், 1963 நவம்பரில் மாமன்னர் துவாங்கு சையட் புத்ரா திறந்துவைத்தார். அதற்கு முன் 1959இல் முதல் நாடாளுமன்றத்தின் தொடக்கம் ஜாலான் அம்பாங்கில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் நடந்தது.

கோபுரத்தில் அலுவலகங்கள்தான். சண்டை சச்சரவெல்லாம் பக்கத்தில் இருக்கும் மூன்று மாடித் தாழ்வான கட்டடத்தில். மக்களவையும் மேலவையும் அங்கேதான். மக்களவையில் சபாநாயகருக்கு வலப்பக்கம் அரசாங்கம், இடப்பக்கம் எதிர்க்கட்சி. மலேசியா உருவான புதிதில் 159 உறுப்பினர்கள், இன்று 222 பேர். மேலவையில் 70 பேர்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரல் வைத்தே முடிந்துவிடும். யார் சத்தம் பெரிசு என்பதில் தகராறு வந்தால் 15 பேர் எழுந்து நின்றால் போதும், மணி அடித்து, கேண்டீனில் இருப்பவர்களையும் வரவழைத்து, ஒவ்வொருவராக எண்ணியாக வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மக்களவையில் 148 பேர் வேண்டும். 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியபோது ஆதரவாக விழுந்தது 211. எதிர்த்து ஒருத்தரும் இல்லை.