தியானக் குடில் கட்டும் முன் மழையைப் பாருங்கள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியவர்கள், கட்டட வரைபடம் போட்டுத் தரும் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடு வருகிறார்கள். பனி மூடிய காடு, நடுவில் பைன் பலகையில் ஒரு சின்ன வீடு, தரை வரைக்கும் கண்ணாடி. "இதே மாதிரி ஒரு தியான அறை வேணும் சார். மரம்தானே, இயற்கைக்கும் நல்லதுதானே?"

ஆசை நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் ஊரில் கரையான் கிடையாது. இங்கே உண்டு. போதாததற்கு வடகிழக்குப் பருவமழையும், நாள் முழுக்க நிற்கும் மூடுபனியும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். மரம் சுவராக நிற்கும் வரை அது அங்கேயே இருக்கும், உளுத்தால் காற்றுக்குத் திரும்பிவிடும். நாற்பது வருடம் வளர்ந்த மரம் எட்டே வருடத்தில் மக்கிப்போகும் என்றால், அந்தக் குடிலைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எந்த மரம் என்று கேட்டால், முதலில் பழைய மரம் என்பேன். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது கிடைக்கும் பர்மா தேக்குச் சட்டங்களும் உத்திரங்களும் காரைக்குடியில் விற்பனைக்கு வருகின்றன. முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி, காய வேண்டியதெல்லாம் காய்ந்து வந்த வைரம் பாய்ந்த மரம். விலை அதிகம்தான், அதனால் மழையும் எடையும் தாங்கும் இடங்களுக்கு மட்டும் போதும். உள்பக்கப் பலகைக்குக் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரமே சரியாக வரும். ஆனால் அதை மண்ணிலோ மழையிலோ விடக்கூடாது. உங்கள் நிலத்தில் நிற்கும் மரம் என்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும்.

அடித்தளம்தான் குடிலின் ஆயுள். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து கான்கிரீட் தளம் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மழைநீர் போகும் வழியும் கெடும், மரங்களின் வேரும் அறுபடும். கருங்கல் கால்களை ஊன்றி, தரைக்கு மேல் இரண்டடி உயரத்தில் குடிலை நிறுத்தினால் போதும். ஒவ்வொரு கல்லின் தலையிலும் விளிம்பு கீழ்நோக்கி மடிந்த துத்தநாகம் பூசிய தகடு. இது கரையானைக் கொல்வதில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒளிந்து ஏறவிடாமல், தகட்டைச் சுற்றி வெளியே வரவைக்கிறது. அது ஏறும்போது கட்டும் மண் கோடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடியில் காற்றும் ஓடும், பலகையும் உலரும்.

அப்புறம் மழை. கூரை இறவாணம் சுவரைத் தாண்டி மூன்றடியாவது நீள வேண்டும். மரத்தின் பக்கவாட்டை விட அதன் வெட்டுமுனைதான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். அதனால் முனைகளை மூடுங்கள், மழை படும் இடத்தில் மேல்நோக்கி நிற்க விடாதீர்கள். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பூச்சிக்கு நல்ல மருந்து, ஆனால் மழையில் கரைந்துபோகும். கூரைக்குக் கீழே நனையாத மரத்துக்கு மட்டும் பூசுங்கள். மூடிய அறையில் மணிக்கணக்காக உட்காரப் போகிறீர்கள். ஆர்செனிக் கலந்த மருந்தும், வாடை அடிக்கும் வார்னிஷும் உள்ளே வேண்டாம்.

தியானத்துக்கான அறை என்பதால் காதையும் கண்ணையும் தனியாக யோசிக்க வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் பேசுவதுகூடக் கேட்காது. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது டிக் டிக்கென்று சத்தம் போடும். பலகை அடித்து, அதன்மேல் மங்களூர் ஓடு போட்டால் மழை ஓசை மெல்லக் கேட்கும், அவ்வளவே. தரைப்பலகையை ஆணியால் அடிக்காமல் ஸ்க்ரூவால் முடுக்குங்கள், நடந்தால் கிறீச்சிடாது. ஜன்னலை வீட்டுக்கு வைப்பதுபோல் மூன்றடி உயரத்தில் வைத்தால் தரையில் உட்கார்ந்தவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். சம்மணமிட்டு உட்கார்ந்தால் கண் இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும், எனவே ஜன்னலின் அடிவிளிம்பு ஒன்றேகால் அடியில் போதும். கிழக்குப் பார்த்து உட்கார விரும்புவார்கள், சரி. ஆனால் நேர் எதிரே பெரிய கண்ணாடி வைத்தால் ஏழு மணி வெயில் முகத்தில் அடிக்கும். ஒரு ஓரமாகத் தள்ளி வையுங்கள், ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வரட்டும். ஒருவர் இருக்க பத்தடிக்குப் பன்னிரண்டடி தாராளம்.

காட்டுமாடு நடக்கும் தடத்தில் குடிலை வைக்காதீர்கள். கோடையில் காட்டுத்தீ வரும் முன் சுற்றிலும் சருகைக் கூட்டிவிடுங்கள்.

வருடம் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன்னால், டார்ச்சோடு குனிந்து கல்கால்களைப் பார்க்க வேண்டும். மண் கோடு இருந்தால் உடைத்துவிட்டு, அது எங்கிருந்து ஏறியது என்று தேட வேண்டும். வெளிப்பலகைக்கு எண்ணெய் பூச வேண்டும். இதைச் செய்ய அங்கே ஆள் இல்லை, நாமும் வருடக்கணக்கில் போகமாட்டோம் என்றால், மரம் வேண்டாம், உள்ளூர்க் கல்லிலும் மண்ணிலும் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கும் நானே வரைந்து தருகிறேன்.