லவுஞ்சில் அலறும் போன்: ஒரு செவித்திறன் நிபுணரின் வேண்டுகோள்

விமான நிலைய லவுஞ்சில் இயர்போன் இல்லாமல் வீடியோ பார்ப்பவர்களையும், ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசுபவர்களையும் பற்றிப் பேச்சு எடுத்தால், "நாகரிகம் தெரியாதவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். காது பரிசோதனை செய்வதும் காது கேட்கும் கருவி பொருத்துவதும் என் தொழில். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அந்தச் சத்தத்தால் விமானத்தையே தவறவிடும் நிலைக்குப் போனவர்கள் என்னிடம் வருகிறார்கள். அதே சத்தத்தை எழுப்புகிறவர்களும் வருகிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் காது மந்தமாகிக்கொண்டிருப்பது தெரியாது.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். இரண்டு காதுக்கும் புதிதாகக் கருவி போட்டுக்கொண்டு மகனைப் பார்க்க டெல்லிக்குக் கிளம்பினார். லவுஞ்சில் பக்கத்து இருக்கையில் ஒருவர் கிரிக்கெட் ஆட்டத்தின் துண்டு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; எதிரே ஒரு குழந்தையின் டேப்லெட்டில் கார்ட்டூன். கருவியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் இடித்ததால் அவர் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கேட் மாறிய செய்தியைப் பணியாளர் ஒருவர் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாதி காதில் விழுந்ததை வைத்து "தேர்ட்டி" என்பதை "தேர்ட்டீன்" என்று எடுத்துக்கொண்டு, எதிர்த்திசையில் நடந்திருக்கிறார். நம் நாட்டு உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். முழங்கால் வலியோடு ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஏறியிருக்கிறார். ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து கருவியை மேசைமேல் வைத்து, "இது வேண்டாம் அம்மா, இது இல்லாமலே நன்றாக இருந்தேன்" என்றார்.

கருவியில் கோளாறு எதுவும் இல்லை. இப்போதைய கருவிகள் ஏசியின் இரைச்சல், மின்விசிறியின் உறுமல் போன்ற மாறாத ஒலிகளை அடையாளம் கண்டு தாமே குறைத்துவிடும். ஆனால் பேச்சுக்குப் போட்டியாக இன்னொரு பேச்சு வந்தால் அவை திணறுகின்றன. கருவியைப் பொறுத்தவரை கிரிக்கெட் வர்ணனையும் பேச்சுதான், கேட் எண்ணைச் சொல்பவரின் குரலும் பேச்சுதான். காது நன்றாகக் கேட்பவருக்குப் பேச்சும் சுற்றியுள்ள இரைச்சலும் ஒரே அளவில் இருந்தால்கூடப் பெரும்பாலும் புரிந்துவிடும். உள்காது நலிந்தவருக்கு அப்படி இல்லை. இரைச்சலைவிடப் பேச்சு பல டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) மேலே நின்றால்தான் சொற்கள் பிடிபடும். ஒரு ரீல்ஸ் அந்த இடைவெளி முழுவதையும் தின்றுவிடும்.

இந்தியாவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். 'அமைதி விமான நிலையம்' என்று அதற்குப் பெயர். நல்ல முயற்சி, நான் அதை ஆதரிப்பவள். ஆனால் ஒலிபெருக்கி விட்டுப்போன இடத்தைக் கைபேசிகள் பிடித்துக்கொண்டன. முன்பு தேவைப்பட்ட தகவல் சத்தமாக வந்தது. இப்போது தேவையில்லாதது சத்தமாக வருகிறது, தேவையானது திரையில் சிறிய எழுத்தில் ஓடுகிறது. பார்வை மங்கிய முதியவருக்கும் பார்வையற்றவருக்கும் அந்தத் திரை எப்படி உதவும்? அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் காதில் விழுவதற்காவது இடம் வேண்டாமா?

"ஏசி சத்தமும்தான் இருக்கிறது, அதை யாரும் குறை சொல்வதில்லையே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாறாமல் வரும் ஒலியை மூளை கொஞ்ச நேரத்தில் ஒதுக்கி வைத்துவிடும். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை பாட்டு, சிரிப்பு, வசனம், மறுபடி பாட்டு என்று மாறிக்கொண்டே இருந்தால் ஒதுக்க முடியாது; ஒவ்வொரு முறையும் கவனம் அங்கே ஓடும். அதோடு, கைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி ஒலிகள் அநேகமாக வெளியே வருவதே இல்லை. வருவதெல்லாம் கீச்சென்ற மேல் பகுதிதான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையுள்ள அந்தப் பகுதியில்தான். காதுக்குழாயின் நீளமும் வடிவமும் அந்த ஒலிகளைத் தாமாகவே பெருக்கிக் கொடுக்கின்றன. ஆகவே ஒலியை அளக்கும் மீட்டரில் குறைவாகக் காட்டும் கைபேசிச் சத்தமும் காதைக் குத்துகிறது.

தொலைபேசிப் பேச்சு இதில் தனி ரகம். 2010இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கவனம் தேவைப்படும் வேலையைக் கணினியில் செய்துகொண்டிருந்தவர்களின் காதில் இருவர் பேசும் முழு உரையாடலையும், ஒருவர் பக்கம் மட்டும் கேட்கும் பாதி உரையாடலையும் ஒலிக்கச் செய்தார்கள். முழு உரையாடல் வேலையைக் கெடுக்கவில்லை. பாதி உரையாடல் கெடுத்தது. அடுத்து என்ன சொல்வார் என்று மூளை விடாமல் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பக்கமும் கேட்குமே என்று தோன்றலாம். எதிர்முனைக் குரல் நசுங்கி, பாதி புரிந்தும் புரியாமலும்தான் வருகிறது. மூளைக்குப் பாரம் குறைவதில்லை.

இரைச்சலில் நாம் எல்லோரும் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு காது மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே இந்த விளைவு அழைக்கப்படுகிறது. கண்ணாடிச் சுவர், கிரானைட் தரை, திரைச்சீலையோ கம்பளமோ இல்லாத கூடம். அங்கே ஒருவர் வீடியோவைச் சத்தமாக வைக்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் அதை மீறிப் பேசுகிறார்கள். அடுத்தவர் அவர்களை மீறித் தன் போனின் வால்யூமைக் கூட்டுகிறார். கிரெடிட் கார்டுகள் பல நுழைவுச் சலுகை தரத் தொடங்கிய பிறகு நம் ஊர் லவுஞ்ச்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அரை மணி நேரத்தில் மொத்தக் கூடமும் கத்திக்கொண்டிருக்கும், முதலில் தொடங்கியவர் விமானம் ஏறிப் போயிருப்பார்.

இனி அந்த முதலில் தொடங்கியவரைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஒரு லவுஞ்சில், அறுபதைத் தாண்டிய ஒருவர் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்தார். போனைக் காதில் வைக்காமல், பிரசாதத் தட்டை ஏந்துவதுபோல வாய்க்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்திருந்தார். எதிர்முனையில் மகள் குரல், வெளிநாட்டிலிருந்து. பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு முறை "என்னம்மா? என்ன?" வால்யூம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது, கட்டைவிரல் பழக்கத்தால் அந்தப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தது. மகள், "அப்பா, ஏன் கத்துகிறீர்கள்?" என்று கேட்டது அங்கிருந்த அனைவருக்கும் கேட்டது. சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ அவருடைய ஆடியோகிராம், அதாவது காது பரிசோதனையில் வரையும் வரைபடம், கண்ணுக்குத் தெரிந்தது. தாழ்ந்த சுருதி ஒலிகளில் ஏறக்குறைய இயல்பான கோடு, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிவு.

வயதால் வரும் காது மந்தம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். உயிரெழுத்துகளின் ஒலி பலமானது, தாழ்ந்த பகுதியில் இருப்பது, அது கேட்டுவிடும். ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, மேல் பகுதியில் இருப்பவை, அவை உதிர்ந்துவிடும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது இது: "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை." போனைக் காதில் வைத்தால் ஒரு காதுக்கு மட்டும் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு காதுக்கும் கேட்கும், வால்யூமும் கூடும். ஆகவே, தனக்குக் காது மந்தம் என்று தெரியாமலே ஸ்பீக்கருக்கு மாறிவிடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. போனைக் காதில் வைத்துப் பேசும்போது, நம் குரலே இலேசாக நம் காதுக்குத் திரும்பி வரும்படி பொதுவாக அமைத்திருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் குரலை அளவாக வைத்துக்கொள்கிறோம். ஸ்பீக்கரில் அது இல்லை. குரல் தன்னால் உயர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் செவிக்குறைபாடு இருக்கிறது. அவர்களும் பயணம் செய்கிறார்கள், போன் பேசுகிறார்கள். லவுஞ்சில் உரக்கப் பேசும் எல்லோருக்கும் காதில் குறை என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதுக்காரர் ஒருவர் அலுவலக மீட்டிங்கை ஸ்பீக்கரில் நடத்துவதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை; அது அடுத்தவரைப் பொருட்படுத்தாத குணம். ஆனால் முதியவர் ஒருவர் போனைத் தட்டுபோல ஏந்திப் பேசுவதைக் கண்டால், கோபப்படுவதற்கு முன் காதை நினையுங்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பது முக்கியம். முதுகுப் பக்கமிருந்து "கொஞ்சம் மெதுவா, சார்" என்றால் அவருக்குக் கேட்காது. முன்னால் போய், முகம் பார்த்து, வழக்கமான குரலில், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கத்தவும் கூடாது. காது மந்தமானவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். "மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை என்கிறார், உரக்கச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்கிறார்" என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். நான் அந்தப் பெரியவரிடம் போய், "ஐயா, அந்த ஓரத்தில் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் பெண் பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும்" என்றேன். உடனே எழுந்து போனார். சொன்னதும் உண்மைதான், அங்கே இரைச்சல் குறைவு.

இயர்போன் கொண்டுவராதவர்களில் பாதிப் பேரிடம் வீட்டில் இயர்போன் இருக்கும், புதிய போனில் அதைச் செருகத் துளை இருக்காது. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையைக் கைவிட்டது, பிறகு மற்றவர்கள் பலரும் கைவிட்டார்கள். சி வகை முனையுள்ள ஒயர் இயர்போன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெற்றோருக்குப் போன் வாங்கித் தரும் பிள்ளைகள் அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். ஒயர் இல்லாத இயர்பட் போட்டிருப்பவர் அது இணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைக் கேட்க ஸ்பீக்கர் தேவையே இல்லை. ஒலிக்கத் தொடங்கியதும் போனைக் காதில் வைத்தால், அழைப்பைப் போலவே காதுக்கு மட்டும் கேட்கும். இதைச் சொன்னதும் வியந்துபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதிகாலை விமானம், தாமதம், அழுகை. டேப்லெட்டைக் கொடுக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் ஒலி அளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறுவர் ஹெட்போனை வாங்குங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த பாதுகாப்பு வரம்பு. 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். லவுஞ்ச் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை உயர்த்தினால் இந்த வரம்பு வெகு சீக்கிரம் தாண்டிவிடும். ஹெட்போன் பிடிக்காத குழந்தைக்குச் சத்தமில்லாமல் படம் பார்க்கவும் பழக்கலாம்.

சட்டத்தால் இதைச் சரிசெய்ய முடியுமா? 2022 ஜனவரியில் நம் ரயில்வே துறை, இரவு 10 மணிக்கு மேல் ரயிலில் உரக்கப் போன் பேசுவதற்கும் சத்தமாகப் பாட்டுக் கேட்பதற்கும் எதிராக ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார், புகார் செய்ய எண் இருக்கிறது. லவுஞ்சில் இருப்பவர் தட்டு எடுக்கும் பையனும் கார்டு தேய்க்கும் பெண்ணும்தான். பயணியிடம் போய்ச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் தராமல் சுவரில் மட்டும் 'அமைதி காக்கவும்' என்று ஒட்டிவைப்பதில் பயன் இல்லை. நுழைவாயிலிலேயே "உங்களிடம் இயர்போன் இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லாதவருக்கு ஒன்று கொடுக்கலாம். விமானத்துக்குள் கொடுப்பதை இங்கே கொடுக்க முடியாதா? பேசுவதற்கென்று ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து, கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்தலாம். காது கேட்கும் கருவி அணிந்தவர் வந்தால், கேட் மாற்றத்தை ஒரு சீட்டில் எழுதி நேரில் கொடுக்கலாம். இவற்றில் பெரும் செலவு பிடிப்பது அந்தத் தடுப்பு ஒன்றுதான்.

அந்த ஆசிரியையின் கருவியில் நேரே முன்னால் இருப்பவரின் குரலை மட்டும் முதன்மைப்படுத்தும் ஓர் அமைப்பைச் சேர்த்துக் கொடுத்தேன். கூட்டமான இடத்தில் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காரச் சொன்னேன். இப்போது அணிகிறார். ஆனாலும் லவுஞ்ச் பக்கம் போவதில்லை, கேட் அருகிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது எப்போதும் ஸ்பீக்கரிலேயே பேசுகிறார் என்றால், டிவி சத்தத்தால் அடுத்த அறையில் தூங்க முடியவில்லை என்றால், அவரை ஒரு முறை காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்கிறார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எல்லோருக்கும் கருவி தேவைப்படும் என்று பயப்பட வேண்டாம். சிலருக்குக் குறும்பி அடைத்திருக்கும், எடுத்துவிட்டாலே போதும். அதை மட்டும் வீட்டில் ஊக்கையும் பஞ்சுக் குச்சியையும் விட்டு நோண்டாமல் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.